ஒற்றை அறை, பேச்சும் வராது: என் போன்றவர் வருகிறவரை எப்படிக் கவனிப்பது?

கேள்வி, ஜூன் 3

புதிதாகத் தனியாக ஒரு அறையில் குடியிருக்கிறேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அவ்வளவுதான். யாரையும் வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிடக் கூச்சமாக இருக்கிறது, எனக்குச் சட்டென்று பேசவும் வராது. போன வாரம் உடன் வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துபோனார். "ஏதாவது உதவி வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்" என்று மனதாரச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. விருந்தோம்பல், அன்பு காட்டுவது எல்லாம் இடவசதியும் வாய்ச்சாலாக்கும் உள்ளவர்களுக்குத்தான் என்று தோன்றிவிட்டது. அப்படி இல்லையென்றால் என்னைப் போன்ற ஆள் அன்றாடம் செய்யக்கூடியது என்னவென்று யாராவது சொல்லுங்களேன்.

ஜூன் 3, இரவு 10.40

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, அந்த "கூச்சப்படாமல் கேளுங்கள்" என்ற வாக்கியத்தில். தப்பாக நினைக்காதீர்கள், நானும் நூறு தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நிஜமாகத்தான் சொன்னேன். ஆனால் கேட்கிறவர் நிலையிலிருந்து பாருங்கள். தனக்கு என்ன வேண்டும் என்று அவர் யோசிக்க வேண்டும், அதை யாரிடம் கேட்கலாம் என்று யோசிக்க வேண்டும், கேட்டால் தொந்தரவாக இருக்குமோ என்று தயங்க வேண்டும், அப்புறம் போனை எடுத்துக் கேட்கவும் வேண்டும். துக்கத்தில் இருப்பவருக்கு அன்றைக்குக் குளிப்பதே பெரிய வேலை.

அம்மா 19 நாள் மருத்துவமனையில் இருந்தபோது இந்த வாக்கியத்தை முப்பது பேராவது என்னிடம் சொல்லியிருப்பார்கள். ஒருவரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. மேல் வீட்டில் ஒரு அக்கா இருந்தார், அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரிப்போம், அதற்கு மேல் பழக்கமில்லை. அவர் வந்து, "நாளையிலிருந்து காலையில் நான் கிளம்பும்போது உன் பையனையும் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் ராத்திரி ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றார். இரண்டே வாக்கியம். அவர் போன பிறகு படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன், ஏனென்றால் அன்று காலையிலிருந்து என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அந்த ஒரு கவலைதான், அதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை.

அவர் என்ன செய்தார் என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். வேலையை அவரே தேர்ந்தெடுத்தார், நேரத்தை அவரே சொன்னார், வேண்டாம் என்று சொல்வதற்கும் வழி விட்டார். கேட்கும் பாரம் என் தலையிலிருந்து இறங்கியது. உங்கள் உடன் பணியாளருக்கு நாளைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள்: "சனிக்கிழமை மாலை மருந்துக்கடைப் பக்கம் போகிறேன், வாங்க வேண்டியது இருந்தால் பட்டியல் அனுப்புங்கள், இல்லையென்றால் பதில்கூடப் போட வேண்டாம்." அந்தக் கடைசித் துண்டை விட்டுவிடாதீர்கள். துக்க வீட்டில் பதில் போட வேண்டிய செய்திகளே மலையாகக் குவிந்து கிடக்கும்.

ஜூன் 4, காலை

அறை சின்னது என்பதைப் பற்றி நேற்று எழுத மறந்துவிட்டேன். வருகிறவர் அறையின் அளவைப் பார்ப்பதில்லை, தான் எங்கே உட்காருவது என்றுதான் பார்ப்பார். நாற்காலியை அவருக்குக் கொடுங்கள், நீங்கள் கட்டிலில் உட்காருங்கள். நாற்காலி மேல் துணி குவிந்திருந்தால் கதவைத் திறக்கும் முன் அதை எடுத்துவிடுங்கள், அவர் கண் முன்னால் அவசர அவசரமாக அள்ளினால் தன்னால் சிரமம் என்று நினைத்துக்கொள்வார். மீதி ராத்திரி எழுதுகிறேன்.

ஜூன் 4, இரவு 11.15

இருபத்திரண்டு வயதில் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்காக ஒரு உறவினர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். அன்புக்குக் குறைவே இல்லை, நிறையப் பேசினார்கள், சிரித்தார்கள், நல்ல படுக்கை போட்டுக் கொடுத்தார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு எனக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. கூடத்துச் சுவரில் ஒரே பலகையில் எட்டு சுவிட்ச். இருட்டில் தடவி ஒன்றை அழுத்தினேன், தாத்தா படுத்திருந்த அறையில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து "யாரு?" என்றார். சட்டென்று அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு இன்னொரு சுவிட்சைத் தொடத் தைரியம் வரவில்லை, விடியும்வரை அப்படியே படுத்துக் கிடந்தேன். மறுநாள் தேர்வில் என்ன பேசினேன் என்பதே நினைவில்லை. அந்த எட்டு சுவிட்சும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன.

ஒருவர் வீட்டில் தங்க வருகிறார் என்றால், கேட்கக் கூச்சப்படும் விஷயங்கள்தான் அவரை ராத்திரி முழுக்க வாட்டும். அவற்றைக் கேட்கும் முன்பே சொல்லிவிடுவதுதான் என்னைப் பொறுத்தவரை விருந்தோம்பலில் முக்கால் பங்கு. கழிப்பறை சுவிட்ச் எது (எங்கள் வீட்டில் அதன் மேல் ஒரு வெள்ளைப் பொட்டு ஒட்டியிருக்கிறது, இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும்). வெந்நீர்க் குழாய் எந்தப் பக்கம் திரும்பும், எவ்வளவு நேரம் திறந்துவிட்டால் சூடு வரும். தாழ்ப்பாள் இறுக்கமென்றால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும் என்பது. துண்டு இதுதான், உங்களுக்கென்றே வைத்தது என்பது. படுக்கைக்குப் பக்கத்தில் போன் சார்ஜ் போட ஒரு பிளக் காலியாக இருக்கிறதா? நம்முடைய சார்ஜர் அதில் சொருகியிருந்தால் வருகிறவர் அதைப் பிடுங்கத் தயங்குவார், நாமே எடுத்துவிட வேண்டும். வைஃபை கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள், ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு மூன்று தடவை தப்பாக அடிக்கும் சங்கடம் அவருக்கு வேண்டாம். தண்ணீர் எங்கே இருக்கிறது, ராத்திரி தாகம் எடுத்தால் எந்த டம்ளரை எடுக்கலாம். துணி மாட்ட ஒரு கொக்கியாவது காலியாக இருக்கட்டும், பையிலேயே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு இருப்பவருக்கு இன்னும் பயணத்தில் இருப்பது போலவே இருக்கும்.

காலையைப் பற்றியும் முதல் நாள் ராத்திரியே பேசிவிடுவது நல்லது. "நாங்கள் ஆறு மணிக்கு எழுந்துவிடுவோம், சத்தம் கேட்கும், நீங்கள் எழ வேண்டியதில்லை, எட்டு மணிவரை உங்கள் கதவை யாரும் தட்ட மாட்டோம்." இதைச் சொல்லவில்லையென்றால் பாவம், அவர் ஐந்தே முக்காலுக்கே விழித்து, வெளியே வரலாமா கூடாதா என்று கதவுக்குப் பின்னால் காத்திருப்பார்.

இன்னொன்று, நான் ரொம்ப வருஷம் தப்பாகச் செய்தது. நீண்ட தூரம் பயணம் செய்து வந்தவரை உட்கார வைத்து, பயணம் எப்படி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா, வேலை எப்படிப் போகிறது என்று வரிசையாகக் கேட்பேன். அன்பில்தான். ஆனால் வந்தவருக்கு முதலில் வேண்டியது கதவைச் சாத்திக்கொண்டு ஒரு 20 நிமிடம். முகம் கழுவ, காலை நீட்ட, வீட்டுக்குப் போன் போட்டு வந்து சேர்ந்தேன் என்று சொல்ல. இப்போதெல்லாம் அறையைக் காட்டிவிட்டு, "நிதானமாக வாங்க" என்று சொல்லி நான் நகர்ந்துவிடுகிறேன்.

ஜூன் 5

மேலே எழுதியதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். இதையெல்லாம் அவளுடைய ஆறு வயது மகள் ஏற்கெனவே செய்கிறாளாம். வீட்டுக்கு யார் வந்தாலும் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டுவாள்: "இந்தக் கதவு கத்தும், பயப்படாதீங்க. இந்தக் குழாய் முதல்ல துப்பும், தள்ளி நில்லுங்க. இது நான் ஒளிஞ்சுக்கிற இடம், நீங்களும் ஒளிஞ்சுக்கலாம்." போன மாதம் வந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்காரர், நிஜமாகவே அந்த அலமாரிக்குப் பின்னால் போய் நின்றாராம். வீடே அவரைத் தேடியது போல நடித்திருக்கிறது.

ஜூன் 6, மதியம்

விருந்து என்ற சொல்லைப் பற்றி ஒன்று. இன்றைக்கு அதைச் சொன்னால் நமக்குப் பெரிய ஏற்பாடுதான் நினைவுக்கு வருகிறது, ஆனால் பழைய தமிழில் அந்தச் சொல்லுக்குப் புதுமை என்று பொருள். அதிலிருந்து புதிதாக வருகிறவருக்கு ஆகி, அவருக்குப் படைப்பதற்கும் ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால், கேள்வி கேட்டவரே, உங்களுக்கு வீடே தேவையில்லை. அலுவலகத்தில் இன்று சேர்ந்தவர் விருந்து. மாடியில் புதிதாகக் குடிவந்தவர் விருந்து. நாலு பேர் நின்று பேசும் இடத்தில் ஐந்தாவதாக வந்து ஓரத்தில் நிற்பவரும் விருந்துதான்.

கூட்டங்களில் நிற்பது பற்றி 'பேக்மேன் விதி' என்று ஒன்று சொல்வார்கள். 1980இல் வந்த அந்த வீடியோ கேமில் மஞ்சள் வட்டம் ஒன்று வாயைத் திறந்துகொண்டே ஓடும் அல்லவா, அதே போல நாலைந்து பேர் வட்டமாக நின்று பேசும்போது ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பக்கத்தைத் திறந்தே வைக்க வேண்டும். ஒருவர் வந்து சேர்ந்ததும் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து மறுபடி ஒரு இடைவெளி விட வேண்டும். பேச வராதவர்களுக்கு இது மிகவும் வசதி, ஒரு வார்த்தை பேசாமல், பாதத்தை அரை அடி நகர்த்தியே ஒருவரை வரவேற்றுவிடலாம்.

அறிமுகம் செய்யும்போது பெயரோடு பிடித்துக்கொள்ள ஒரு நூல்முனையும் கொடுங்கள். "இவர் புதிதாகச் சேர்ந்தவர்" என்று மட்டும் சொன்னால் இரண்டு பேரும் சிரித்துவிட்டு நிற்பார்கள். "இவரும் உங்களை மாதிரி தொட்டியில் செடி வைத்துக் காப்பாற்றப் போராடுபவர்" என்றால் பேச்சு தானாக ஓடும், நீங்கள் நகர்ந்துவிடலாம். பெயரைச் சரியாக உச்சரிப்பதும் அப்படித்தான். முதல் நாளே "ஒரு தடவை மெதுவாகச் சொல்லுங்க, சரியாகக் கூப்பிட ஆசை" என்று கேட்டுவிட வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அவ்வளவு நாளும் தப்பாகக் கூப்பிட்டது இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும், அதற்குப் பயந்தே பலர் கடைசிவரை கேட்பதில்லை.

ஜூன் 8

"முன்பின் தெரியாதவர்களிடம் வலியப் போனால் தொல்லையாக நினைப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான பயம்தான், எனக்கும் உண்டு. ஆனால் நமது கணக்கு ஒரு பக்கமாகவே பிசகுகிறது என்று ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை. குளிர்காலத்தில் சிகாகோவில் பனிச்சறுக்குத் திடல் ஒன்றில், சூடான பானம் ஒரு கோப்பையைத் தாமே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் முன்பின் தெரியாத யாருக்காவது கொடுக்கலாம் என்று வந்தவர்களிடம் சொன்னார்கள். வாங்கிக்கொள்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று கொடுத்தவர்களைக் கேட்டார்கள், வாங்கியவர்களையும் தனியாகக் கேட்டார்கள். கொடுத்தவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்கள் அதைப் பெரிதாக மதித்திருந்தார்கள். காரணம் எளிது. கொடுப்பவர் கோப்பைக்குள் இருப்பதைப் பார்க்கிறார், "இது என்ன பிரமாதம்" என்று நினைக்கிறார். வாங்குபவருக்கோ யாரோ ஒருவர் தன்னைப் பொருட்படுத்தினார் என்பதும் சேர்ந்து கிடைக்கிறது.

அதே 2022இல் வந்த வேறொரு ஆய்வு, நாளாகப் பேசாதவர்களுக்கு "சும்மா நினைவு வந்தது" என்று எழுதுவது பற்றியது. அதிலும் இதே கதைதான், எழுதுபவர் எதிர்பார்ப்பதைவிடப் பெறுபவர் அதிகம் மகிழ்கிறார், அதுவும் எதிர்பாராமல் வந்தால் இன்னும் கூடுதலாக. இதைப் படித்த அன்று ஆறு வருஷமாகப் பேசாமல் விட்டுப்போன ஒரு தோழிக்குச் செய்தி எழுதினேன். சண்டை ஒன்றும் இல்லை, நாள் கடக்கக் கடக்க முதல் வார்த்தை கனத்துப்போனது, அவ்வளவுதான். நாலு தடவை எழுதி அழித்தேன். மன்னிப்புக் கேட்பது போல, காரணம் சொல்வது போல எல்லாம் எழுதிப் பார்த்தேன். கடைசியில், "பஸ்ஸில் ஒரு பெண் உன்னுடையது மாதிரியே நீலக் குடை வைத்திருந்தாள், கைப்பிடிகூட அதே மாதிரி கடிபட்டிருந்தது" என்று மட்டும் அனுப்பினேன். நாலு நிமிடத்தில் போன் வந்தது. அந்தக் குடைப்பிடியைக் கடித்தது அவளுடைய நாய்க்குட்டி. அந்த நாய் இப்போது இல்லை என்பதை அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூன் 9, இரவு

முதல் குறிப்பை இன்று மறுபடி படித்தேன். "வேலையை நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று அழுத்தமாக எழுதிவிட்டேன், அப்படியே எடுத்துக்கொண்டால் ஆபத்து. நான் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

பார்வையில்லாத தோழி ஒருத்தி இருக்கிறாள், தனியாக வசிப்பவள். அவள் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள், தூங்கட்டும் என்று விட்டுவிட்டு அவளுடைய சமையலறையைத் துடைத்து, அலமாரியைச் சுத்தம் செய்து, டப்பாக்களை உயரவாரியாக அழகாக அடுக்கி வைத்தேன். மனசு நிறைந்து வீடு திரும்பினேன். அவள் இரண்டு வாரம் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்துத் தேடியிருக்கிறாள். அதைக்கூட உடனே சொல்லவில்லை, நான் இன்னொரு நாள் அலமாரிப் பக்கம் போனபோதுதான் வாய் திறந்தாள்: "என் விரலுக்குத் தெரிந்த வீட்டை நீ கலைத்துவிட்டாய்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

அன்றிலிருந்து இப்படிப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்: என் நேரம், என் உழைப்பு, என் வண்டி, இவற்றை நானே முடிவு செய்து நீட்டலாம். அவர்களுடைய பொருள், அவர்களுடைய இடம், அவர்களுடைய உடம்பு, இவற்றைத் தொடும் முன் கேட்டே ஆக வேண்டும். மேல் வீட்டு அக்காவும் அதைத்தான் செய்திருக்கிறார், தன் காலை நேரத்தைத்தான் நீட்டினார், என் வீட்டுக்குள் நுழைந்து எதையும் மாற்றவில்லை. எனக்கு அது இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

அந்தத் தோழியிடம் கற்றதையும் எழுதிவிடுகிறேன், பலருக்கும் உதவும். பார்வையில்லாதவரின் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. நம் கையை நீட்டினால் முழங்கைக்குச் சற்று மேலே அவரே பிடித்துக்கொண்டு அரை அடி பின்னால் வருவார், நம் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் திரும்புவதும் அவருக்கு அதிலேயே தெரிந்துவிடும். படி வந்தால் ஏறுகிற படியா இறங்குகிற படியா என்று சொல்ல வேண்டும். எத்தனை என்று தெரிந்தால் அதையும் சொல்லலாம், எங்கள் வீட்டு வாசலில் 12 படி, அவள் வரும்போதெல்லாம் சொல்லிவிடுவேன். பேசிக்கொண்டிருக்கும்போது நாம் எழுந்து போனால் "போய் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லையென்றால் அவர் வெற்று நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பார்.

சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதானால் நாமும் உட்கார்ந்துவிடுவது நல்லது, அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து வலிக்கும். அந்த நாற்காலி அவர் உடம்பின் ஒரு பகுதி மாதிரி, கேட்காமல் தள்ளவோ அதில் சாய்ந்து நிற்கவோ வேண்டாம். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம், கத்தினால் உதடு கோணி வார்த்தை இன்னும் குழம்பும். முகத்தில் வெளிச்சம் விழும்படி எதிரே உட்கார்ந்து இயல்பான வேகத்தில் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட வேறு வார்த்தையில் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். "அது ஒன்றும் இல்லை, விடுங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் பெரியம்மாவை மற்ற எதைவிடவும் அந்த ஒரு வாக்கியம்தான் குடும்பக் கூட்டங்களிலிருந்து ஒதுங்க வைத்தது.

ஜூன் 11

இன்று காலை நேரமாகிவிட்டது என்று ஓடிக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் ஒரு முதியவர் இரண்டு பைகளோடு மூச்சு வாங்கி நின்றார். கடந்து போய்விட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் முகமே எனக்குத் தெரிந்தது.

1973இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று உண்டு. 40 மாணவர்கள், ஒவ்வொருவராக இன்னொரு கட்டிடத்துக்குப் போய்ப் பேச வேண்டும். வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு கிடந்து இருமிக்கொண்டிருப்பார், அது ஏற்பாடு. நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். சரியாக நேரம் ஆகிறது என்று சொல்லப்பட்டவர்களில் 45. ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 10. அந்த 40 பேரில் பாதிப் பேர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதையைப் பற்றித்தான்.

நல்லவர், கெட்டவர் என்பதைவிடக் கையில் நேரம் இருந்ததா என்பதே அங்கே பெரிதாக இருந்திருக்கிறது. நாளையிலிருந்து 10 நிமிடம் முன்னால் கிளம்புகிறேன். கேள்வி கேட்டவருக்கும் இதைத்தான் சொல்வேன், செலவில்லாத ஏற்பாடு, பேச்சும் தேவையில்லை.

ஜூன் 13

துக்கம் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, "என்ன சொல்வது என்று தெரியாமல் போகாமலேயே இருந்துவிட்டேன்" என்று. நிறையப் பேர் இப்படித்தான் விலகிப் போகிறார்கள், வருத்தம் இல்லாததால் அல்ல, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தால். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் "என்ன சொல்வதென்றே தெரியவில்லை, பார்க்கணும் போல இருந்தது" என்றே சொல்லலாம். "எல்லாம் நல்லதுக்குத்தான்", "வயசாகிவிட்டது, நிம்மதியாகப் போய்விட்டார்" இதெல்லாம் நம் ஆறுதலுக்காக நாம் சொல்லிக்கொள்வது.

இறந்தவரைப் பெயர் சொல்லிப் பேசுங்கள். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் சம்பவம் இருந்தால் அதைச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குத் தெரியாத அப்பா ஒருவர் வெளி ஆட்களிடம் இருப்பார். என் அப்பா போன பிறகு அவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்து, மதிய நேரத்தில் அப்பா கோப்புகளுக்கு நடுவே தாள் மறைத்து வைத்துப் படம் வரைவார் என்று சொன்னார். அப்பா வரைவார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அம்மா அதை மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

2013இல் சூசன் சில்க், பேரி கோல்ட்மன் என்ற இருவர் ஒரு நாளிதழில் எழுதிய யோசனை இது. துயரத்தில் இருப்பவரை நடுவில் வைத்து ஒரு வட்டம் போடுங்கள், அதைச் சுற்றி அவருக்கு மிக நெருங்கியவர்கள், அதற்கு வெளியே நண்பர்கள், இன்னும் வெளியே தெரிந்தவர்கள். உள்ளே இருப்பவரிடம் ஆறுதல் மட்டும் போக வேண்டும். நம் சொந்தப் புலம்பல், "எனக்கே தாங்க முடியவில்லை" என்பதெல்லாம் நமக்கு வெளியே இருக்கும் வட்டத்துக்குப் போகட்டும். மருத்துவமனையில் என்னைப் பார்க்க வந்த ஒருவரை நான் தட்டிக் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன், அந்த நாளில் இந்த வட்டம் அவருக்குத் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும். மூன்றாவது மாதம் யாரும் இருக்க மாட்டார்கள். இன்றைக்கே போனில் மூன்று மாதம் தள்ளி ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். இறந்தவரின் பிறந்தநாள் தெரிந்தால் அதற்கும் ஒன்று.

ஜூன் 14

வற்புறுத்துவது பற்றி இரண்டு வரி. "இன்னும் கொஞ்சம் இருங்க, இன்னும் கொஞ்சம்" என்று பிடித்து நிறுத்துவது அன்பின் அடையாளம் என்று வளர்ந்தவள் நான். இப்போது வந்த உடனே "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டுவிடுகிறேன். முதலில் விரட்டுவது போலத் தோன்றியது. ஆனால் கேட்ட பிறகு வந்தவர்கள் தோள் தளர்ந்து சாய்ந்து உட்காருவதைப் பார்க்கிறேன், எப்படி எழுவது என்ற யோசனை அவர்களுக்கு இல்லை, நேரமானால் நானே ஞாபகப்படுத்துவேன் என்று தெரியும்.

யாருக்காவது சமைத்துக் கொடுத்தனுப்பினால் திருப்பித் தர வேண்டாத பாத்திரத்தில் கொடுங்கள். படுத்திருப்பவர் வீட்டில் கழுவித் தேடித் தர வேண்டிய ஆறு பேரின் டப்பாக்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 17, இரவு

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார், படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். மருந்துக்கடைச் செய்தியை அனுப்பினாராம். பட்டியல் எதுவும் வரவில்லை. சனிக்கிழமை மாலை அந்த நண்பரே கிளம்பி இவருடைய அறைக்கு வந்துவிட்டாராம், வீடு முழுக்க ஆட்கள், எங்காவது கொஞ்சம் உட்கார வேண்டும் போல இருந்தது என்று. நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு இவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள், பேசியது மொத்தம் பத்து வாக்கியம் இருக்கும், மீதி நேரம் நண்பர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நான் ஒன்றும் பேசவில்லையே, தப்பா?" என்று கேட்கிறார்.

துளிகூடத் தப்பில்லை. அன்று அவர் வீட்டில் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை, அவர்களை விட்டுவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். போகும்போது அவர் ஏதாவது சொன்னாரா என்று எழுதவில்லையே, முடிந்தால் எழுதுங்கள்.

ஜூன் 18, காலை

ஒரு திருத்தம், அவசரமாக. எங்கள் வாசலில் 12 படி என்று 9ஆம் தேதி எழுதியிருந்தேன். தோழி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் என்று இன்று காலை இறங்கி ஒவ்வொன்றாக எண்ணினேன். 11தான். போன வருஷம் வாசலை உயர்த்தித் தளம் போட்டபோது கடைசிப் படி அதற்குள் போய்விட்டது, தினமும் ஏறி இறங்கும் எனக்குத் தெரியவே இல்லை. இல்லாத படிக்காக அவள் கால் தூக்கி வைக்க வேண்டியிருந்திருக்கும்.

உடனே போன் செய்து சொன்னேன். "தெரியுமே," என்றாள், "நீ 12 என்று சொல்லும்போதெல்லாம் நான் 11இல் நிறுத்திக்கொள்வேன். சொல்லாமல் விட்டதற்குக் காரணம், நீ எண்ணிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது."